பூதம் முதலில், குகை பிறகு

மைன்கிராஃப்ட் உலகத்தில் மலைக்கு அடியில் தோண்டிக்கொண்டே போனால், சில இடங்களில் கல்லின் நிறமே மாறிவிடும். கருநீலத் தோல் போர்த்தியதுபோல ஒரு படலம். அதில் மினுங்கி மினுங்கி அணையும் பச்சை கலந்த நீலப் புள்ளிகள். பெயர் ஸ்கல்க். அது படர்ந்திருக்கும் பகுதிக்கு டீப் டார்க் என்று பெயர். வழக்கமாகப் பாதாளத்தில் மேலே வந்து விழும் எலும்புக்கூடு, சிலந்தி, ஸோம்பி எதுவும் அங்கே தானாகப் பிறப்பதில்லை. அது வார்டன் என்ற பூதம் ஒருவனுக்கு மட்டும் ஒதுக்கிய இடம். அவனுக்குக் கண் கிடையாது. காதும் மூக்கும் உண்டு.

இந்தப் பூதத்தை 2020 அக்டோபர் 3ஆம் தேதி, மைன்கிராஃப்ட் லைவ் என்ற ஆண்டு நிகழ்ச்சியில் மோஜாங் நிறுவனம் முதன்முதலாகக் காட்டியது. 'கேவ்ஸ் அண்ட் கிளிஃப்ஸ்' என்ற அப்டேட்டில், அடுத்த கோடையில் வரும் என்றார்கள். வந்து சேர்ந்தது 2022 ஜூன் 7. இருபது மாதம் ஆனது. பூதத்துக்கு உருவம், நடை, அறிமுகக் காட்சி எல்லாம் கிடைத்துவிட்டன. குடியிருக்கத்தான் இடம் இல்லை. அந்த இடத்தைத் தோண்டி முடித்த கதைதான் டீப் டார்க் பிறந்த கதை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மைன்கிராஃப்டின் முதல் பெயரே 'கேவ் கேம்'. நாட்ச் என்று உலகம் அறிந்த சுவீடன்காரர் மார்க்குஸ் பெர்சான் 2009 மே மாதம் அதை எழுதத் தொடங்கினார். ஸாக் பார்த் உருவாக்கிய இன்ஃபினிமைனர் என்ற தோண்டும் கேமைப் பார்த்த உற்சாகம் அதில் பெரும் பங்கு. சில நாளிலேயே, மே 17ஆம் தேதி, பிறர் ஆடிப் பார்க்கும்படி வெளியிட்டார். அதற்குள் பெயர் மைன்கிராஃப்ட் ஆகியிருந்தது. குகை விளையாட்டு என்று பிறந்த ஒன்றுக்கு, நினைத்தாலே நடுங்கும்படி ஒரு குகை கிடைக்கப் பதின்மூன்று வருடம் பிடித்தது.

பழைய குகைகளில் பயம் இல்லாமல் இல்லை. அதே 2009இல் நாட்ச் ஒரு பன்றி உருவத்தைச் செய்யும்போது நீளத்துக்கும் உயரத்துக்கும் போடவேண்டிய எண்களை மாற்றிப் போட்டுவிட, நெட்டையாக, கையில்லாமல், நாலு குட்டைக் காலோடு ஒன்று எழுந்து நின்றது. அழிக்காமல் பச்சை வண்ணம் பூசி வைத்துக்கொண்டார். அதுதான் கிரீப்பர். முதுகுக்குப் பின்னால் புஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டால் உயிர் போகும் என்ற பயத்தை அது ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து ஒரு தீப்பந்தம். குச்சியும் நிலக்கரியும் இருந்தால் போதும். வெளிச்சம் பட்ட இடத்தில் பூதம் பிறக்காது என்பது கேமின் அடிப்படைச் சட்டம். ஆக, பழைய குகையில் ஆட்டக்காரன் செய்த வேலை, கையில் பந்தத்தோடு இருட்டை அங்குலம் அங்குலமாகக் கொளுத்திக்கொண்டு போவது. வைரக் கவசம் ஒன்று மாட்டிக்கொண்டால் அதுகூடத் தேவையில்லை. உலகின் அடியிலிருந்து எண்ணும் உயரக் கணக்கில் 11ஆவது அடுக்குக்கு இறங்கி நேர்கோட்டில் சுரங்கம் வெட்டினால் வைரம் கிடைக்கும் என்பது அப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சூத்திரம். சூத்திரம் தெரிந்த இடத்தில் யாருக்குப் பயம் வரும்?

கம்ப்யூட்டர் குகைகளுக்கு ஒரு மூதாதை உண்டு. அமெரிக்காவில் பிபிஎன் நிறுவனத்தில், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டுக்கு நிரல் எழுதியவர் வில் க்ரௌதர். அவரும் மனைவி பாட்ரிசியாவும் குகை குகையாக இறங்கி வரைபடம் போடுகிறவர்கள். கென்டக்கியில் ஃபிளின்ட் ரிட்ஜ் குகைத் தொகுதியும் மம்மத் குகையும் பூமிக்கடியில் ஒன்றோடொன்று சேர்கின்றன என்று 1972இல் நிரூபித்த குழுவில் பாட்ரிசியா இருந்தார். மற்றவர்களுக்கு இடம் கொடுக்காத ஓர் இடுக்கில் அவருடைய ஒடிசலான உடம்புதான் நுழைந்தது. பின்னால் அந்தத் தம்பதி பிரிந்தார்கள். பெண் பிள்ளைகள் ஆடட்டும் என்று 1970களின் நடுவில் க்ரௌதர் ஒரு கேம் எழுதினார்: 'கொலோசல் கேவ் அட்வென்ச்சர்'. படம் கிடையாது, எழுத்து மட்டும். மம்மத் தொகுதியின் பெட்குவில்ட் பகுதியை அவர் நடந்து பார்த்த வழிகளே கேமின் வழிகள். 1977இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் உட்ஸ் அதை வாங்கி விரித்து எழுதினார். டிராகனும் பாலத்தைக் காக்கும் ட்ராலும் அவர் சேர்த்தவை. அங்கே உண்மைக் குகை முதலில் இருந்தது; பூதங்கள் பிறகு குடியேறின. வார்டன் விஷயத்தில் வரிசை தலைகீழ்.

மைன்கிராஃப்டில் குகையை யாரும் வரைவதில்லை, அதனால்தான் இந்தச் சிக்கல். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் உலகம் கணக்குப் போட்டு உருவாகிறது. பழைய முறை எளிது. மலையும் சமவெளியும் முதலில் உருவான பிறகு, கண்ணுக்குத் தெரியாத ஒரு புழு பாறைக்குள் இஷ்டத்துக்கு நெளிந்து போகும். போன வழியெல்லாம் பொந்து. அதனால்தான் பழைய குகைகள் பெரும்பாலும் குழாய் மாதிரியே இருந்தன. பெரிய மண்டபம் ஒன்றுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்க்கும் அனுபவம் அந்த முறையில் அமையாது.

புதிய குகைகளை அமைத்தவர்களில் முதன்மையானவர் ஹென்ரிக் க்னிபெர்க். அவர் கையில் எடுத்தது பெர்லின் நாய்ஸ். 1982இல் வந்த 'ட்ரான்' படத்தில் வேலை செய்த கென் பெர்லின், கம்ப்யூட்டர் வரைகிற பொருள்களெல்லாம் மழமழவென்று பொம்மை மாதிரி இருக்கின்றனவே என்று சலித்துப்போய்க் கண்டுபிடித்த கணக்கு அது. 1997இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதையும் வாங்கிக் கொடுத்தது. கறுப்பும் வெளுப்பும் மெல்ல மெல்ல ஒன்றில் ஒன்று கரையும் மேகக்கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் அல்ல, பாறையின் நீள அகல ஆழம் முழுக்க. அதில் ரொம்ப வெளுத்த இடங்களை மட்டும் தோண்டி எடுத்தால் பெரிய பெரிய அறைகள் கிடைக்கும். இதற்குச் சீஸ் குகை என்று பெயர் வைத்தார்கள். கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் எல்லையை மட்டும் பிடித்துக்கொண்டு தோண்டினால் நீளமான வளைந்த பாதைகள் கிடைக்கும். அது ஸ்பகெட்டி. அதைவிட மெலிந்தது நூடுல். மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் வருவது, நம் சமையலறைக் கணக்கில் சொன்னால், சுத்தமான இடியாப்பச் சிக்கல். பத்து வருடம் ஆடியவன்கூட வழி தவறுகிற குகை அப்படித்தான் கிடைத்தது.

ஆனால் அவ்வளவு பெரிய மண்டபங்களை எங்கே வைப்பது? பழைய உலகத்தின் அடி 0, உச்சி 256. கீழே பெட்ராக் என்ற உடைக்க முடியாத பாறை. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் சூனியம். எனவே தரையைக் கீழே 64 பிளாக், அதாவது 64 கட்டை, இறக்கினார்கள். உச்சியையும் 64 உயர்த்தினார்கள். மொத்த உயரம் 384. புதிதாக உலகம் தொடங்குகிறவனுக்கு இதில் பிரச்சினை இல்லை. பல வருடமாக ஒரே உலகத்தில் வீடும் கோட்டையும் ரயில் பாதையும் கட்டிவைத்திருப்பவர்களை என்ன செய்வது? 2020 மே மாதத்திலேயே 20 கோடிப் பிரதி விற்றிருந்த கேம் அது. அவ்வளவு பேரிடம் 'பழையதை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்' என்று சொல்ல முடியாது. கடைசியில் செய்தது இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த வேலை: அவரவர் பழைய உலகத்தின் அடியிலிருந்த பெட்ராக்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டீப்ஸ்லேட் என்ற கருங்கல்லை வைத்து, அதன் கீழே புதுப் பாதாளத்தைக் கோத்துக் கொடுத்தார்கள். மேலே வீடு இருந்தபடியே இருந்தது. குடியிருந்தவன் ஒருநாள் காலையில் கேமைத் திறந்தால், தன் வீட்டு அடித்தளத்துக்குக் கீழே இன்னும் 64 பிளாக் ஆழம்.

இத்தனையும் ஒரு கோடைக்குள் முடிகிற வேலையா? கொரோனா காலம், ஸ்டாக்ஹோமில் எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து வேலை. 2021 ஏப்ரலில் அப்டேட்டை இரண்டாகப் பிரிக்கிறோம் என்று அறிவித்தார்கள். இயக்குநர் ஆக்னெஸ் லார்சன் தலைமையில் இருந்த குழு சொன்ன காரணம் ஒளிவுமறைவில்லாதது: வேலை நினைத்ததைவிடச் சிக்கலானது, ஆட்களை ஓவர்டைமில் வதைத்து முடிக்க விருப்பமில்லை. ஜூன் 8ஆம் தேதி வந்த முதல் பாதியில் ஆடு, ஆக்ஸலாட்டில், செம்பு, படிகக்கல் எல்லாம் இருந்தன. நவம்பர் 30இல் வந்த இரண்டாம் பாதியில் மலையும் குகையும் ஆழமும் இருந்தன. இரண்டிலும் வார்டன் இல்லை. பாதாளம் வந்துவிட்டது, பாதாளத்துப் பூதம் இன்னொரு வருடத்துக்குத் தள்ளிப்போனது. ஆட்டக்காரர்கள் கோபப்பட்டார்கள். நியாயம்தான். ஆனால் அந்தத் தாமதம் குகைக்கு நல்லதாகவே முடிந்தது என்பது என் கட்சி.

ஏனென்றால் 2020இல் காட்டியபோது வார்டன் குகையில் சும்மா அலைந்துகொண்டிருந்தது. கண் தெரியாத, பலசாலியான, நடமாடும் ஒரு ஜந்து, அவ்வளவுதான். அந்த நிலையில் வந்திருந்தால் கிரீப்பருக்கு ஓர் அண்ணன் கிடைத்திருப்பான். டீப் டார்க் என்ற இடம் கிடைத்திருக்காது. காத்திருந்த காலத்தில் பூதத்திடமிருந்த காது கொஞ்சம் கொஞ்சமாகக் குகைக்கே முளைத்தது. முதலில் வந்தது ஸ்கல்க் சென்சார். 2020 டிசம்பர் சோதனைப் பதிப்பிலேயே அது தலைகாட்டிவிட்டது. 8 பிளாக் தூரத்துக்குள் எந்த அசைவு நடந்தாலும் அதிர்வைப் பிடித்து மின்சமிக்ஞையாக மாற்றும் ஒரு பொருள். கேமுக்குள்ளேயே மின்சுற்று போட்டு விளையாடும் ரெட்ஸ்டோன் கைவினைஞர்கள் கம்பியில்லாமல் கதவு திறக்கலாம் என்று குதித்தார்கள்.  2022 பிப்ரவரியில் டீப் டார்க்கைத் தனிச் சோதனைப் பதிப்பாக வெளியிட்டபோதுதான் சென்சாருக்குப் பக்கத்தில் ஷ்ரீக்கர் என்று இன்னொன்று நின்றது. சென்சார் கேட்கும், ஷ்ரீக்கர் அலறும், அலறல் பூதத்துக்குப் போய்ச் சேரும். குகையே ஒற்றன் ஆனது.

உள்ளே போய்ப் பார்த்தால் தெரியும். ஷிஃப்ட் விசையை அழுத்திக் குனிந்து நடந்தால் சத்தமில்லை. நிமிர்ந்து இரண்டு எட்டு வைத்தால் சென்சாரின் கொம்புகள் நெளியும், உடல் நீலமாக ஒளிவிடும். அடுத்த நொடி ஷ்ரீக்கர் வாயைப் பிளந்து கத்தும். திரை இருண்டு இருண்டு தெளியும். தீப்பந்தம் கையில் இருந்தும் பிரயோசனமில்லை. பதின்மூன்று வருடமாக ஆட்டக்காரனைக் காப்பாற்றிய வெளிச்சச் சட்டம் அந்த இடத்தில் செல்லாது. முதல் மூன்று அலறலுக்கு எச்சரிக்கை மட்டும்: எங்கோ ஒரு முனகல், அடுத்த முறை கொஞ்சம் கிட்டத்தில், அதற்கடுத்து இன்னும் கிட்டத்தில். நான்காவதற்குத் தரையைப் பிளந்துகொண்டு இரண்டு கை வெளியே வரும். உடம்பு முழுதும் வெளிவரச் சில நொடி ஆகும். ஓடுவதா, அசையாமல் நிற்பதா என்று முடிவெடுக்க அவ்வளவு நேரம்தான் கொடுத்திருக்கிறார்கள்.

வந்தபிறகும் வார்டன் உடனே அடிக்காது. உள்ளே ஒரு கோபக் கணக்கு ஓடுகிறது. ஒரு சத்தத்துக்கு 35. 80ஐத் தொட்டால் பாயும். ஆக மூன்று சத்தம். கோபம் ஏற ஏற அதன் நெஞ்சுத்துடிப்பு வேகமாகும், அது நம் காதில் விழும். கண் தெரியாதவன் நம் காலடியைக் கேட்கிறான், நாம் அவன் இதயத்தைக் கேட்கிறோம். ஒரு பனிப்பந்தைத் தூர எறிந்தால் அந்தப் பக்கம் திரும்பும். கம்பளிப் பிளாக்கின் மேல் நடந்தால் கேட்காது. ஆட்டை வெட்டிப் பெரும்பாலும் மெத்தை செய்யப் பயன்பட்ட கம்பளிக்கு இப்படி ஒரு மரியாதை வரும் என்று யார் கண்டார்கள்? ஒரு நிமிடம் எந்தச் சந்தடியும் இல்லையென்றால் வார்டன் மறுபடி மண்ணுக்குள் புதைந்துகொள்ளும்.

சண்டை போட்டால்? அதன் உயிர் 500 புள்ளி. கேமின் ஜாவா பதிப்பில் விதர் என்ற பூதத்துக்கு 300, இறுதி எதிரியான எண்டர் டிராகனுக்கு 200தான். சாதாரண நிலையில் ஓர் அடி 30 புள்ளி. ஆட்டக்காரனின் மொத்த உயிரே 20. சரி, தூண் கட்டி ஏறி நின்று மேலேயிருந்து அம்பு விடலாம் என்பது பழைய ஆட்டக்காரர்களின் தந்திரம். அதற்காகவே சோதனைக் காலத்தில் இன்னொரு ஆயுதத்தைக் கொடுத்தார்கள்: நெஞ்சிலிருந்து கிளம்பும் ஓர் ஒலி வெடிப்பு. 20 பிளாக் உயரம்வரை எட்டும். கவசத்தையும் கேடயத்தையும் சட்டை செய்யாது. இவ்வளவையும் தாண்டிக் கொன்றால் கையில் கிடைப்பது ஒரே ஒரு ஸ்கல்க் கேட்டலிஸ்ட். அந்தப் பொருளோ அக்கம்பக்கத்துக் குகைகளிலேயே சும்மா கிடக்கிறது. கொன்று என்ன பயன் என்று ஆட்டக்காரன் கேட்கவேண்டும் என்பதுதான் உருவாக்கியவர்களின் எண்ணம். புயலோடும் பூகம்பத்தோடும் மல்லுக்கு நிற்பதில்லை, ஒதுங்கிப்போகிறோம். அந்த வகையில் சேர்ந்தது இது. பரிசுக்காக அல்லாமல் தவிர்ப்பதற்காக ஒரு பூதத்தைச் செய்வதற்கு நிறையத் துணிச்சல் வேண்டும். குழந்தைகள் ஆடும் கேமில் அதைச் செய்தது இன்னும் பெரிது.

தவிர்த்துவிட்டு எதற்கு உள்ளே போகவேண்டும் என்ற கேள்விக்கு விடை, டீப் டார்க்கின் நடுவே இருக்கும் ஏன்ஷியன்ட் சிட்டி. கரிய கல்லால் கட்டி, யாரோ விட்டுவிட்டுப் போன ஊர். நீலத் தீ எரியும் விளக்குகள், இடிந்த மதில்கள், பெட்டிகள். தெருவில் சாம்பல் நிறக் கம்பளியும் விரிப்பும் கிடக்கின்றன. அலங்காரம் என்று நினைத்து முதலில் தாண்டிப் போய்விடுவோம். பிறகுதான் உறைக்கும்: அங்கே வாழ்ந்தவர்களும் காலடிச் சத்தத்துக்குப் பயந்தவர்கள். கதையைச் சொல்ல அங்கே ஒரு வரி எழுத்துகூட இல்லை, கம்பளி மட்டும்தான். இந்தக் குகையைச் செய்தவர்களிடம் நான் மெச்சுவது இந்த அடக்கத்தைத்தான்.

அந்தப் பெட்டிகளில் இசைத்தட்டுத் துண்டுகளும் கிடைக்கும். ஒன்பதைச் சேர்த்தால் '5' என்ற பெயருள்ள தட்டு. செய்தவர் சாமுவேல் ஓபெரி. போட்டுக் கேட்டால் பாட்டு இல்லை. யாரோ நடக்கிறார், மூச்சு வாங்குகிறார், ஷ்ரீக்கர் அலறுகிறது, ஓட்டம், பின்னாலேயே ஒரு கர்ஜனை. எதிரொலிச் சில்லு என்று இன்னொரு சாமான். எட்டைச் சேர்த்து ஒரு திசைகாட்டியோடு இணைத்தால், கடைசியாகச் செத்த இடத்தைக் காட்டும் கருவி ஆகும். செத்துத் திரும்பியவன் மறுபடி அங்கேயே போகும்படி ஒரு பரிசு. கிண்டலும் இரக்கமும் பாதிப் பாதி.

ஊரின் நடுவே வாசல் போல ஒரு பிரம்மாண்டச் சட்டம் நிற்கிறது. உருவத்தில் வார்டனின் தலைச்சாயல். ரீஇன்ஃபோர்ஸ்ட் டீப்ஸ்லேட் என்ற கல்லால் ஆனது. அதை வெட்டி எடுத்துக்கொண்டு போக வழியில்லை. வேறோர் உலகத்துக்குப் போகும் வாசல் என்று வெளிவந்த நாள்முதல் ஆட்டக்காரர்கள் வீடியோ வீடியோவாகப் போட்டுத் தள்ளுகிறார்கள். மோஜாங் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

அந்த இருபது மாதம் நிறுவனத்துக்கும் ஒரு பாடமாகிவிட்டது போலிருக்கிறது. வருடத்துக்கு ஒரு பெரிய அப்டேட், அதற்கு முன்கூட்டியே தடபுடலாக அறிவிப்பு என்ற வழக்கத்தை விட்டு, சின்னச் சின்னதாக அடிக்கடி தருவோம் என்று 2024இல் மாறினார்கள். அதே ஆண்டு வந்த கிரீக்கிங் என்ற மரப்பூதம் வார்டனுக்கு நேர் எதிர்: நாம் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அசையாது, கண்ணை எடுத்தால் நெருங்கும். அதற்கென்றே வெளிறிய மரங்களோடு ஒரு காடு, பேல் கார்டன். செப்டம்பர் இறுதியில் அறிவித்தார்கள். டிசம்பர் 3ஆம் தேதி காடும் பூதமும் ஒரே அப்டேட்டில் வந்து இறங்கின.